வாக்கு இல்லாதவருக்கும் செய்தி வேண்டும்

2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறொன்றில், முகக்கவசமும் கையுமாக, வால்டோர்ஃபில் வசிக்கும் எம்மவர் குடும்பம் ஒன்றினைக் காணச் சென்றிருந்தோம். தேநீர் வந்தது. அதனைத் தொடர்ந்து, ஒரு கடைப் பை நிறையக் கடிதங்களும் வந்தன. புலம்பெயர் நாட்டிலே சற்று எழுத்தறிவுள்ளவன் எனப் பெயர் எடுத்தவனுக்கு இது புதிய அனுபவம் அன்று.

"அண்ணை, இதில எது தேவையானது, எது குப்பை எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ," என்றார் வீட்டுத் தலைவி. இருபது ஆண்டுகளாக விமான நிலையத்திலே அதிகாலை முறை வேலை பார்ப்பவர் அவர்.

பல்பொருள் அங்காடியின் விளம்பரத் தாள்களுக்கும் மின்சாரக் கட்டணச் சீட்டுக்கும் இடையே, நகரசபையிலிருந்து வந்த கடிதம் ஒன்று பிரிக்கப்படாமலே கிடந்தது. வெளிநாட்டவர் ஆலோசனைச் சபைக்கான தேர்தலில் வாக்களிக்குமாறு அவரை அழைக்கும் அட்டை அது. வாக்களிப்பு நாள் மார்ச் 14. அந்த நாள் கடந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன.

"வோட்டோ? எனக்கோ? எனக்கு இந்த நாட்டில வோட்டில்லையே அண்ணை!"

அதே மேசையின் மறுபுறத்தில் அவருடைய மகள் அமர்ந்திருந்தாள். 2001 இல் இங்கேயே பிறந்து, பிறப்பினால் ஜேர்மன் குடியுரிமை பெற்றவள். அதே மார்ச் 14 ஆம் நாள் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் அவள் தபால் மூலம் வாக்களித்திருந்தாள். அம்மாவுக்கும் அதே நாளில் ஒரு வாக்கு உண்டென்பது அவளுக்கும் தெரியாது. ஒரே வீட்டின் தபாற்பெட்டிக்குள் இரண்டு அழைப்புகள் வந்து வீழ்ந்தன. ஒன்று வாக்காயிற்று, மற்றையது குப்பையாயிற்று.

அன்று தொட்டு எமது மனத்தை உறுத்தி வரும் விடயத்தையே இங்கு எழுத விழைகிறோம். உரிமை இல்லாமை ஒரு துன்பம். இருக்கும் உரிமை தெரியாமை வேறொரு துன்பம். முன்னதைத் தருவது அரசு. பின்னதற்கு நாமும் ஓரளவு பொறுப்பாளிகள்.

அகதிகள் எழுப்பிய ஊர்

வால்டோர்ஃப் என்ற பெயரில் ஜேர்மனியிலே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. ஹைடெல்பேர்க் நகருக்கு அண்மையில், கணினி மென்பொருள் நிறுவனமொன்றால் உலகப் புகழ் பெற்ற வால்டோர்ஃபை அறிந்தோர் பலர். நாம் கூறுவது அதனை அன்று. ஹெசன் மாநிலத்தில், பிராங்க்பேர்ட் விமான நிலையத்தின் தெற்கு வேலியை ஒட்டிக் கிடக்கும் வால்டோர்ஃபையே கூறுகிறோம். 1977 இல் இவ்வூர் அயலூரான மெர்ஃபெல்டனுடன் இணைக்கப்பட்டு, இன்று மெர்ஃபெல்டன்-வால்டோர்ஃப் என்ற ஒரே நகரமாக விளங்குகின்றது.

இவ்வூரின் பிறப்பு எமக்கு நெருக்கமானது. 1699 இல், தமது சமய நம்பிக்கைக்காக ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து துரத்தப்பட்ட வால்டென்சியர் எனும் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. அவர்களுக்கு நிலமும் தமது முறைப்படி வழிபடும் உரிமையும் வழங்கியவர் ஹெசன்-டார்ம்ஸ்டாட் சிற்றரசர் ஏர்ன்ஸ்ட் லூட்விக். மொழி வேறு, சமய மரபு வேறு என்றிருந்த அந்த அகதிகளின் பெயரே ஊரின் பெயராயிற்று. வால்டென்சியர் வந்து முந்நூறு ஆண்டுகள் நிறைவுறும் முன்னரே, அதே மண்ணின் வடக்கு எல்லையில் விமானத்திலிருந்து இறங்கிய தமிழ் அகதிகள் பலர் தஞ்சம் என்ற ஒரு சொல்லை மட்டும் ஜேர்மன் மொழியில் மனனம் செய்து வந்திருந்தனர்.

செய்தி மறைந்த காடு

செய்தி மறைக்கப்படுமிடத்து ஓர் ஊருக்கு என்ன நேரும் என்பதற்கும் இவ்வூரிலே சான்று உண்டு. 1944 ஆகஸ்ட் தொடக்கம் நவம்பர் வரை, வால்டோர்ஃப் காட்டினுள் ஒரு வதைமுகாம் இயங்கிற்று. அவுஸ்விட்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட 1,700 ஹங்கேரிய யூதப் பெண்களும் சிறுமியரும் அங்கு அடைக்கப்பட்டு, விமானத் தளத்தின் ஓடுபாதை வேலைக்கு அடிமைகளாக்கப்பட்டனர். போரின் முடிவில் அவர்களுள் உயிருடன் எஞ்சியோர் சில நூறு பேரே. போர் முடிந்தது, மரங்கள் வளர்ந்தன, ஊர் அதைப் பேசவில்லை. 1972 இல் உள்ளூர் இளைஞர் சிலர் அச்செய்தியைத் தேடி வெளிக்கொணரும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கு மௌனமே நிலவிற்று. 2000 ஆம் ஆண்டில் அக்காட்டிலே நினைவு வழிப்பாதை ஒன்று திறக்கப்பட்டது.

அரசு சொல்லாததை, அயலார் சொல்ல விரும்பாததை, ஊரின் பிள்ளைகள் தேடிச் சொன்னார்கள். அதே ஊரும் அதன் அயலும் அடுத்த பத்தாண்டில் ஜேர்மனி முழுவதையும் தம்பால் திரும்பிப் பார்க்க வைத்தன.

இரண்டு இலட்சத்து இருபதினாயிரம் கையொப்பங்கள்

பிராங்க்பேர்ட் விமான நிலையத்துக்கு மேற்குப் புறமாக, ஏறத்தாழ 4,000 மீற்றர் நீளமான புதிய ஓடுபாதை ஒன்றினைக் காட்டை வெட்டி அமைக்கும் திட்டம் 1960களிலேயே தொடங்கிற்று. வழக்குகளாற் பல்லாண்டு இழுபட்டு, 1980இன் பின்னரே அது செயலுருப் பெறலாயிற்று. வால்டோர்ஃபிலும் மெர்ஃபெல்டனிலும் சுற்றுப்புற ஊர்களிலும் மக்கள் குழுக்கள் தோன்றின. ஆசிரியர், தொழிலாளர், பாதிரியார், பாட்டிமார், மாணவர் என எல்லோரும் அவற்றில் இருந்தனர். காட்டினுள்ளே அவர்கள் குடில்களை எழுப்பினர். அவற்றுள் முதலாவது, வந்து செல்வோருக்குத் திட்டத்தை எடுத்து விளக்குவதற்கென அமைந்த குடில் என்பது எமது கவனத்துக்குரியது. போராட்டத்துக்கு முன்னே விளக்கம் வந்தது.

1981 நவம்பர் 2 ஆம் நாள் காவற்படை அக்குடில்களை அகற்றிற்று. அதற்கு 12 நாட்களின் பின், நவம்பர் 14 இல், மாநிலத் தலைநகர் வீஸ்பாடனில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். 2,20,000 இற்கும் அதிகமான கையொப்பங்கள் அன்று கையளிக்கப்பட்டன. அவர்கள் கேட்டது இதுவே: ஓடுபாதை வேண்டுமா வேண்டாமா என மாநில மக்களிடமே வாக்கெடுத்துக் கேளுங்கள். ஹெசன் மாநில அரசியல் யாப்பு அதற்கு இடமளித்திருந்தது.

முதலமைச்சர் ஹோல்கர் பேர்னரின் அரசு அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. விடயம் மாநில அரசியல் யாப்பு நீதிமன்றுக்குச் சென்றது. 1982 சனவரியில் தீர்ப்பு வந்தது. வான்போக்குவரத்து பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டாட்சிக்கே உரியது, மாநில மக்களின் வாக்கெடுப்பு அதனைத் தீண்ட இயலாது என நீதிமன்று கூறிற்று. வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 1984 ஏப்ரல் 12 இல் ஓடுபாதை திறக்கப்பட்டது.

இத்துடன் கதை முடிந்ததெனக் கருதுவோர், சனநாயகத்தின் மெதுவான நடையை அறியாதவர்கள். 1982 செப்ரெம்பரில் நடந்த மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சியினர் முதற்தடவையாக ஹெசன் சட்டசபைக்குள் நுழைந்தனர். 1985 டிசம்பரில் அவர்களுள் ஒருவரான யொஷ்கா ஃபிஷர் மாநில அமைச்சராகப் பதவியேற்றார். காட்டிற் குரல் கொடுத்தோரின் வாக்குகளும் அதற்குத் துணை நின்றன.

அப்போராட்டத்தின் இருண்ட பக்கத்தையும் மறைப்பது நேர்மையன்று. 1987 நவம்பர் 2 ஆம் நாள் இரவு, ஓடுபாதை அருகே ஆர்ப்பாட்டக்காரர் பக்கமிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு காவற்படையினர் உயிரிழந்தனர். பல ஆண்டுகளாகப் பொறுமையுடன் கட்டியெழுப்பிய நம்பிக்கை ஓரிரவிற் சிதைந்தது. அமைதியாகக் கையொப்பம் இட்டவர்களும் அதற்கான பழியைச் சுமக்க நேர்ந்தது. இதனை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

பின்னர், நான்காவது ஓடுபாதைக்கான கோரிக்கை எழுந்தபோது அரசு வேறு வழியைக் கையாண்டது. 1998 இல் தொடங்கிய சமரசப் பேச்சு 2000 சனவரியில் முடிவுற்றது. விரிவாக்கம் வேண்டும், ஆனால் இரவில் விமானங்கள் பறக்கலாகாது என்பது அதன் பரிந்துரை. எனினும் அனுமதி வழங்கும் வேளையில், இரவு 11 மணி தொடக்கம் காலை 5 மணி வரை சராசரி 17 விமானங்களுக்கு மாநில அமைச்சு இடமளித்தது. மக்கள் நீதிமன்றை நாடினர். 2011 அக்டோபரில், புதிய ஓடுபாதை திறக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், காசல் நிர்வாக மேல்நீதிமன்று அவ்விரவுப் பறப்புகளைத் தடுத்தது. 2012 ஏப்ரல் 4 இல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்று அந்த 17 விமானங்களுக்கான அனுமதி செல்லாதென உறுதி செய்தது. 1982 இல் தோற்றவர்களின் ஊர்கள் 2012 இல் இரவுத் துயிலை வென்றெடுத்தன.

வேறொன்றும் நடந்தது. 1946 இல் இயற்றப்பட்ட ஹெசன் யாப்பின்படி, மக்கள் தாமே ஒரு சட்டத்தை முன்வைக்க வேண்டுமாயின் வாக்காளருள் 20 சதவீதத்தினர் அதனை ஆதரிக்க வேண்டும். 2018 அக்டோபர் 28 இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் அவ்வெல்லை 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அதே 1981 இல் எமது மண்ணில்

வீஸ்பாடனில் கையொப்பப் பொதிகள் கையளிக்கப்பட்ட அந்த ஆண்டினை எம்மால் வேறொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாது. 1981 யூன் 4 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன், மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் 'ஈழநாடு' நாளிதழின் பணிமனையும் அச்சகமும் எரிக்கப்பட்டன.

நூலகத்தை எரித்ததைப் பற்றி நிறைய எழுதியுள்ளோம். நாளிதழை எரித்ததைப் பற்றிக் குறைவாகவே எழுதியுள்ளோம். வாக்களிப்புக்கு முந்திய வாரத்தில் ஓர் ஊரின் செய்தித்தாளை எரிப்பது, வாக்காளரின் கண்களைக் கட்டிவிட்டு வாக்குச்சாவடிக்கு அனுப்புவதற்கு ஒப்பானது. எரித்தவர்கள் செய்தியின் பெறுமதியை நன்கு உணர்ந்திருந்தனர். நாம் அதனை உணர்ந்துள்ளோமா?

அதற்கும் முன்னர் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தமிழர் வாக்கற்றவர் ஆக்கப்பட்டனர். வாக்கில்லாத மக்களை எந்த அரசியல்வாதியும் தேடி வரமாட்டான் என்னும் பாடத்தை லயன் அறைகளில் வாழ்ந்தோர் பல பத்தாண்டுகள் படித்தனர்.

மக்களின் பெயரால்

ஜேர்மன் நீதிமன்றத் தீர்ப்பு ஒவ்வொன்றும் 'மக்களின் பெயரால்' என்ற சொற்களுடனேயே தொடங்கும். அந்த மக்கள் யாவர்? ஷ்லெஸ்விக்-ஹொல்ஸ்டைன், ஹம்பேர்க் ஆகிய மாநிலங்கள் வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை வழங்கச் சட்டம் இயற்றியபோது, கார்ல்ஸ்ரூஹ நகரிலுள்ள கூட்டாட்சி அரசியல் யாப்பு நீதிமன்று 1990 அக்டோபர் 31 இல் அவற்றைச் செல்லாதவை எனத் தள்ளிற்று. அரச அதிகாரத்தின் ஊற்றான மக்கள் என்போர் ஜேர்மன் குடிமக்களே என்றது. ஈராண்டுகளின் பின், மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் பயனாக அடிப்படைச் சட்டமே திருத்தப்பட்டு, ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை கிட்டிற்று. நேற்று வந்த போர்த்துக்கேயர் நகரசபைக்கு வாக்களிக்கலாம். முப்பது ஆண்டுகள் வரி செலுத்திய ஈழத்தமிழர், குடியுரிமை பெறாதவராயின், வாக்களிக்க முடியாது.

ஆயினும் அம்மக்களின் பெயரால் வரும் தீர்ப்புகள் எம்மைக் கட்டுப்படுத்துகின்றன. 1989 யூலை 10 இல் அதே நீதிமன்று வழங்கிய ஒரு தீர்ப்பு, சட்ட நூல்களில் இன்றும் 'தமிழர்' என்ற பெயராலேயே சுட்டப்படுகின்றது. உள்நாட்டுப் போரில் அரசின் எச்செயல் அரசியற் கொடுமையாகும், சொந்த நாட்டின் வேறொரு பகுதியில் பாதுகாப்புத் தேட இயலுமாயின் தஞ்சம் உண்டா என்பன அங்கு வரையறுக்கப்பட்டன. "கொழும்பில் வசிக்கலாம்" என்று எம்மவரின் மனுக்கள் நிராகரிக்கப்பட்ட 1990களின் கடிதங்களுக்கு வேர் அங்கே இருந்தது. அக்கடிதம் கிடைத்தவர்களுள் எத்தனை பேருக்கு அத்தீர்ப்பு தமிழில் விளக்கப்பட்டது?

எமக்கு நன்மை தந்த தீர்ப்புகளும் உண்டு. 1993 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், விமான நிலையத்துக்குள்ளேயே தஞ்ச மனுக்களை விரைந்து முடிக்கும் முறையைக் கொணர்ந்தது. 1996 மே 14 இல் கார்ல்ஸ்ரூஹ நீதிமன்று அம்முறையை ஏற்றுக்கொண்டபோதும், அங்கு நிராகரிக்கப்பட்டோருக்குச் சட்ட ஆலோசனை இலவசமாகக் கிட்ட வேண்டுமென விதித்தது. 2012 யூலை 18 இல், 1993 முதல் உயர்த்தப்படாதிருந்த தஞ்சம் கோருவோரின் உதவித் தொகை மனித மாண்புக்கு ஒவ்வாதெனத் தீர்த்தது. மனித மாண்பு குடியுரிமையைப் பொறுத்ததன்று என்பதே அதன் சாரம். இத்தீர்ப்புகளை அறிந்தவர் அலுவலக மேசையின் முன் நிமிர்ந்து அமர்வார். அறியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறுவார்.

செய்யக்கூடியவை

வால்டோர்ஃப் எமக்கு விட்டுச்செல்லும் பாடம் எளியது. ஒரு முடிவை எடுப்பது நகரசபையா, மாநிலமா, கூட்டாட்சியா, நீதிமன்றா என்பதை முதலில் அறிதல் வேண்டும். 2,20,000 பேர் ஒன்றுபட்டும், கதவு மாறித் தட்டியதாகவே நீதிமன்று கூறிற்று. சரியான கதவைத் தட்டியபோது, 17 இரவு விமானங்களை நிறுத்தச் சில ஊர்களுக்கு இயன்றது.

அடுத்தது காலக்கெடு. மஞ்சள் உறையில் வரும் கடிதத்தை எம்மவர் அறிவர். தபாற்காரர் அவ்வுறையின்மேல் எழுதும் திகதியிலிருந்தே மேன்முறையீட்டுக் காலம் எண்ணப்படும். எந்த நீதிமன்றுக்கு, எத்தனை நாட்களுக்குள் முறையிடலாம் என்பது முடிவுக் கடிதத்தின் கடைசிப் பந்தியிலே உண்டு. முதற் பக்கத்தைப் பார்த்து அழுமுன் கடைசிப் பக்கத்தை ஒருவரிடம் வாசிப்பித்தல் வேண்டும். உறையை எறிதல் ஆகாது.

வெளிநாட்டவர் ஆலோசனைச் சபையைச் சிலர் பல்லில்லாத சபை என இகழ்வர். அது ஆலோசனை கூறும் சபையே என்பது மெய். எனினும், வெளிநாட்டவரைப் பாதிக்கும் முக்கிய விடயங்களில் அதன் கருத்தைக் கேட்க நகராட்சி சட்டப்படி கடமைப்பட்டுள்ளது. கேட்க வேண்டியவர்கள் கேட்கும்போது, சொல்லுவதற்கு எம்மவர் ஒருவராவது அங்கு இருத்தல் நன்று. நகரசபைக் கூட்டங்களும் பொதுவாக எவரும் சென்று அமர்ந்து கேட்கக்கூடியவை. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

தகுதி உள்ளோர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தலையும் தள்ளிப் போடலாகாது. 2024 யூன் 27 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், எட்டாண்டு வதிவிட நிபந்தனையை ஐந்தாகக் குறைத்து, முன்னைய குடியுரிமையைக் கைவிட வேண்டிய தேவையையும் நீக்கிற்று. "பிறந்த நாட்டைக் கைவிடுவதா" எனத் தயங்கியிருந்த மூத்தோருக்கு அத்தயக்கத்துக்கு இனிக் காரணம் குறைவு.

இவை யாவற்றிலும் இலகுவானது, வீட்டினுள்ளே செய்யக்கூடியது. எமது பிள்ளைகள் பள்ளியில் மாநில அரசியலும் தேர்தல் முறையும் படிக்கின்றனர். கட்டில் விரிப்பளவு நீண்டிருக்கும் உள்ளூராட்சி வாக்குச் சீட்டை அவர்களால் விளங்கிக்கொள்ள முடிகின்றது. அவர்கள் அறிந்ததைப் பெற்றோர் மொழியில் எடுத்துச் சொல்லும் பழக்கந்தான் இல்லை. பெற்றோரும் கேட்பதில்லை. "உனக்குப் படிப்புத்தான் முக்கியம், அரசியல் வேண்டாம்" என்பது எமது வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம். அதன் பின்னால் உள்ள அச்சம் எமக்குப் புரியாததன்று. அரசியல் எம்மிடமிருந்து எத்தனை பிள்ளைகளைக் கொண்டு சென்றது என்பதை அறிவோம். ஆயின் அந்த அச்சத்தைக் காரணங்காட்டி, நகரசபைக் கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதில் எவர்க்கும் பாதுகாப்பு இல்லை.

அன்று வால்டோர்ஃபில் நாம் விடைபெறும் வேளை, மகள் அந்தக் கடிதப் பையைத் தன் அறைக்கு எடுத்துச் சென்றாள். ஞாயிறு தோறும் தானே அவற்றைப் பிரித்து அம்மாவுக்குத் தமிழில் வாசிப்பதாகச் சொன்னாள். "அப்ப இனி அண்ணைக்கு வேலையில்லை" என்று தாயார் சிரித்தார்.

எமக்கு வேலை இல்லாது போகும் அந்த நாளையே நாமும் விரும்புகிறோம். அதுவரை, ஒவ்வோர் ஊரிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு மேசையும் தேநீரும் வைத்து, வந்த கடிதங்களையும் வெளியான தீர்ப்புகளையும் வரவிருக்கும் தேர்தல் நாட்களையும் தமிழிற் கூறுவதற்கு ஒருவராவது முன்வர வேண்டும். வால்டோர்ஃப் காட்டிலே முதலில் எழுந்ததும் அத்தகைய ஒரு சிறு குடிலே.